ஜன்னல் நிலையும் காய்ந்த நாளும்

கோத்தகிரியில் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. ஜன்னல் நிலைகள் எல்லாம் மரம். மழைக்காலத்தில் மரம் ஊதும், தை மாசி வெயிலில் சுருங்கும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே விழும் சந்தில் அப்பா வருஷா வருஷம் ஒயிட் சிமெண்ட் அப்புவார். அது அடுத்த வருஷமே சில்லு சில்லாகப் பெயர்ந்து விழும். சிமெண்டுக்கு இழுபடத் தெரியாது; மரம் அசைந்தால் விட்டுவிடும்.

அதனால் போன வருஷம் ஐப்பசியில் அக்ரிலிக் சீலன்ட் வாங்கி நானே அடித்தேன். டியூபில் வரும், காய்ந்த பிறகும் இழுபடும் அடைப்புப் பசை அது. மத்தியானம் நல்ல வெயில். நாலு மணிக்கு மேல் மிஸ்ட் இறங்கியது, ராத்திரி தூறல். காலையில் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே பால் வழிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். விரல் வைத்தேன், தயிர் போல ஒட்டிக்கொண்டு வந்தது.

அக்ரிலிக்கில் இருக்கும் தண்ணீர் காற்றோடு போனால்தான் அது இறுகும். அரை மணி நேரத்தில் பால் ஆடை மாதிரி மேலே ஒரு தோல் கட்டும். அதை நம்பக்கூடாது, உள்ளே காய நாள் கணக்காகும். அதுவரை மழைத் தண்ணீர் படக்கூடாது. 5 டிகிரிக்குக் கீழே குளிர் போகிற உறைபனி நாட்களும் ஆகாது.

மாசியில் பெயின்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் டியூபையே தொடவில்லை. சுவரில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். "சுவர் இன்னும் ஈரம்மா. ஒரு வாரம் வெயில் காயட்டும்" என்றார். ஒரு வாரம் பொறுத்தோம்.

அப்புறம்தான் வேலை. பழைய சிமெண்டை உளியால் எடுத்து, பிரஷால் தூசி தட்டி, ஆழமான இடத்தில் ஃபோம் கயிறு திணித்தார். டியூப் மூக்கைச் சாய்வாக வெட்டி, பசையைப் பிதுக்கும் துப்பாக்கி மாதிரியான கன்னை ஒரே சீராக இழுத்து, ஈர விரலால் ஒரே தடவல். காயும்போது சுருங்கும் என்பதால் பள்ளம் விழுந்த இடங்களில் நாலு நாள் கழித்து இரண்டாவது முறை அடித்தார். மேலே எமல்ஷன் பூசியதும் சந்து இருந்த இடமே தெரியவில்லை. சிலிக்கோன் சீலன்டில் இது நடக்காது, பெயின்ட் பிடிக்காமல் நழுவும். பாத்ரூம் மூலை மாதிரி எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு மட்டும் அதைத்தான் போடச் சொன்னார்.

இந்த ஐப்பசி மழையில் அப்பா ராத்திரி இரண்டு தடவை எழுந்து ஜன்னல் திண்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

அடுக்களைப் பின்சுவர் விரிசலை மட்டும் அண்ணன் அடைக்க மறுத்துவிட்டார். படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் அது. அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தார். மழை முடிந்து பார்த்தால், கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருக்கிறது. சரிவில் கட்டிய வீடு, மண் நகர்கிறதோ என்று பயம். அதை அடைத்து மறைத்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. சனிக்கிழமை ஒரு இன்ஜினியரை வரச் சொல்லியிருக்கிறேன். பென்சில் கோட்டை யாரும் துடைத்துவிடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.