லேபர் வார்டு நாட்குறிப்பு: அந்த முதல் நிமிடம்

ஜூன் 2, 2025, திங்கள்

டியூட்டி மாறும் நேரத்தில் பயிற்சிப் பொம்மையை வார்மரில் (பிறந்த குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் மேசை) படுக்க வைத்து, வந்தவர்களை ஒவ்வொருவராக அம்பு பேக், அதாவது மூச்சுவிடாத குழந்தைக்கு மாஸ்க் வழியாகக் காற்று கொடுக்கும் பையைப் பிடிக்கச் சொன்னேன். எல்லோரும், பிறந்த குழந்தையை மூச்சுவிட வைக்கக் கற்றுத்தரும் நவஜாத் சிசு சுரக்ஷா பயிற்சி முடித்தவர்கள்தான். 2009இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் அது, பாடமும் நல்ல பாடம். கேட்டால் வரிசை மாறாமல் சொல்கிறார்கள். கையில் கொடுத்தால்தான் தெரிகிறது: மாஸ்க் ஓரத்தில் காற்று போய்விடுகிறது, பொம்மையின் மார்பு எழவே இல்லை.

இவர்களைக் குறை சொல்லவே முடியாது. பிறக்கும் குழந்தைகளில் சுமார் 85 சதவீதம் தானாகவே மூச்சு எடுத்துவிடும். இன்னொரு 10 சதவீதத்துக்குத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். பேக் தேவைப்படுவது நூற்றுக்கு ஐந்து குழந்தைகளுக்குத்தான். எங்களுடையது போன்ற சின்ன மருத்துவமனையில் ஒருவருடைய ஷிஃப்டில் அப்படி ஒரு குழந்தை எப்போதாவதுதான் வரும். வரும்போது முதல் நிமிடத்துக்குள் காற்று உள்ளே போயாக வேண்டும். மாதக்கணக்கில் பேக்கைத் தொடாத கைக்கு அது எப்படி வரும்?

ஜூன் 5, வியாழன்

குழந்தைகள் டாக்டரிடம் பேசினேன். "இன்னொரு தடவை ஒருநாள் வகுப்பு வெச்சிடலாமா சிஸ்டர்?" என்றார். வேண்டாம் மேடம் என்று சொல்லி, தான்சானியாவில் ஹேடம் என்ற ஊரில் உள்ள மருத்துவமனையின் கதையைச் சொன்னேன். அங்கே இதே வேலையைக் கற்றுத்தரும் 'ஹெல்ப்பிங் பேபீஸ் ப்ரீத்' ஒருநாள் பயிற்சி நடந்தது. முடித்தவர்கள் பொம்மையிடம் நன்றாகச் செய்தார்கள். ஆனால் பிரசவ அறையில், நிஜக் குழந்தைகளிடம், பெரிய மாற்றம் வரவில்லை. 2013இல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதோடு விடவும் இல்லை. வாரம் மூன்று முதல் ஐந்து நிமிடம் வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சி, மாதம் ஒருமுறை நாற்பது நிமிடம் என்று மாற்றினார்கள். அதன்பிறகு முதல் 24 மணி நேரத்தில் நடக்கும் இறப்புகள் குறைந்தன. அந்தக் கட்டுரை 2015இல் வந்தது.

மேடம் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, பொம்மை பீரோவில் வேண்டாம், வார்மர் பக்கத்திலேயே இருக்கட்டும்" என்றார். எனக்கு அது போதும்.

ஜூன் 11, புதன்

இன்று முழுக் குழுவாகச் செய்தோம். பிரசவம் பார்க்கும் சிஸ்டர், குழந்தையை வாங்குபவர், உதவிக்கு ஒருவர், மருத்துவமனைப் பணியாளர் அக்கா என எல்லோரும் இருந்தோம். அக்காவையும் சேர்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கட்டாயம் சேர்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அறையில் இருப்பதே மூன்று பேர்தான், அதில் அவர் ஒருவர்.

குழந்தை வெளியே வருவதற்கு முன்பே நான்கு கேள்விகள் கேட்டாக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எத்தனை வாரம்? பனிக்குட நீர் தெளிவா? வேறு ஆபத்து ஏதாவது உண்டா? தொப்புள்கொடியை எப்போது வெட்டப்போகிறோம்? அப்புறம் பேக்கைச் சோதிப்பது. மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்திப் பேக்கைப் பிழிந்தால் கையில் காற்று முட்ட வேண்டும், இன்னும் அழுத்தினால் வால்வு திறக்கும் சத்தம் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது விரல் தட்டுவதுதான். ஸ்டெதஸ்கோப் வைத்திருப்பவர் கேட்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் வார்மர் விளிம்பில் ஒரு தட்டு. ஆறு விநாடி எண்ணிப் பத்தால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். அதைவிட முக்கியம், பேக் பிடித்திருப்பவர் தலையைத் திருப்பாமலே இதயம் மெதுவாக ஓடுகிறதா, வேகமெடுக்கிறதா என்று தெரிந்துகொள்கிறார். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கேட்டுச் செய்வதில்தான் தடுமாற்றம். "சக்‌ஷன் கொடுங்க" என்று (சளி உறிஞ்சும் கருவி) பொதுவாகச் சொன்னால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், வாங்கியவர் "சக்‌ஷன் தரேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் கூச்சப்பட்டார்கள். நாலாவது சுற்றில் பழகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

சுவர்க் கடிகாரம் வார்மருக்குப் பின்பக்கம் இருந்தது. குழந்தையைப் பார்த்து நிற்பவருக்கு அது தெரியாது. எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னேன், எலக்ட்ரீஷியன் வந்து மாட்டிவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று இரவு, ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம். பனிக்குட நீர் பச்சையாக வந்ததுமே டியூட்டி சிஸ்டர் ஆளைக் கூப்பிட்டு, பேக்கைச் சோதித்து வைத்திருக்கிறார். குழந்தை துவண்டுபோய் வந்தது. துடைத்துத் தேய்த்தும் அழவில்லை. உடனே கொடியை வெட்டி வார்மருக்குக் கொண்டுபோய் வாய், அப்புறம் மூக்கு என்று உறிஞ்சிவிட்டு, பேக் போட்டார்கள்.

முதல் சில அழுத்தத்துக்கு மார்பு எழவில்லை. அதைச் சொன்னது யார் தெரியுமா? அக்காதான். "மார்பு மேலே வரலை சிஸ்டர்" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறார். சிஸ்டர் மாஸ்க்கைத் திரும்பப் பொருத்தி, தலையை லேசாக நிமிர்த்தி, மறுபடி கொடுத்தார். மார்பு எழுந்தது. விரல் தட்டும் வேகம் கூடியது. கொஞ்ச நேரத்தில் குழந்தை கத்தி அழுதிருக்கிறது. காலையில் நான் போய்ப் பார்த்தபோது நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அதன் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூன்று பேரும் சேர்ந்து செய்த காரியம் இது பாட்டி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டியூட்டி முடிந்து போவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினோம். எது சரியாக நடந்தது, எந்தப் பொருள் கைக்கு எட்டவில்லை, அடுத்த முறை யார் எங்கே நிற்பது. "நீ ஏன் அப்படிச் செய்தாய்" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் அக்காவும் வாய் திறந்து பேசினார். அவரைப் பேசவிடாத அறையாக இருந்திருந்தால் நேற்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

குறைமாதக் குழந்தைக்கான சின்ன மாஸ்க், சைஸ் 0, ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று வேண்டும் என்று இண்டென்ட் (கேட்புச் சீட்டு) போட்டாயிற்று. அடுத்த வாரப் பயிற்சி இரட்டைக் குழந்தைகளுக்கு: இரண்டு பேக், இரண்டு குழு, ஒரே வார்மர். நைட் டியூட்டி ஆட்களோடு, இரவு எட்டரைக்கு வைத்துக்கொள்கிறோம்.