கண், கால், கிட்னி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து இடது காது அடைப்பு. உள்ளே ஙொய்யென்று ஒரே இரைச்சல். போனை அந்தப் பக்கம் வைத்தால் ஒன்றுமே இல்லை. எண்ணெய் காய்ச்சி இரண்டு சொட்டு விடட்டுமா என்றாள் செல்வி. வேண்டவே வேண்டாம் என்றேன். சுகர்காரன் காதில் புண் வந்தால் எலும்பு வரைக்கும் போகும்.

ஆகஸ்ட் 6

இரண்டு நாள் பார்த்துவிட்டு வராமல் உடனே வந்தீர்களே, அதுவே நல்லது என்றார் ஈஎன்டி டாக்டர். இப்படித் திடீரென்று காது போனால் ஒவ்வொரு நாளும் கணக்காம்.

டியூனிங் ஃபோர்க் என்ற கவைக் கம்பியைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் சத்தம்? வலது. அழுக்கு அடைத்திருந்தால் அடைத்த காதில்தான் கேட்குமாம். நல்ல காதுக்குப் போனால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ. சுகர் ஆஸ்பத்திரியிலும் வருஷா வருஷம் இதே மாதிரி ஒன்றைக் கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தடவைகூட அது காது வரைக்கும் வந்ததில்லை.

அப்புறம் கண்ணாடி அறை, ஹெட்போன், சத்தம் கேட்டால் அமுக்க ஒரு பொத்தான். தாளில் நீலப் பெருக்கல் குறி இடது, சிவப்பு வட்டம் வலது. எண் கூடக் கூட மந்தம் அதிகம், குறி தாளில் கீழே இறங்கும். இடது 70 டெசிபெல்லில் கிடக்கிறது. சரி, அது தெரிந்ததுதான். சிவப்பு வட்டமும் 2000 ஹெர்ட்ஸுக்கு அப்புறம், கீச்சுச் சத்தங்களில், சரிகிறது. 4000இல் 50, 8000இல் 60.

"இது இன்னைக்கு வந்தது இல்ல சார். எத்தனை வருஷமா சுகர்?" என்றது சோதனை எடுத்த பெண்.

ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 60 மில்லிகிராம், காலையில்.

ஆகஸ்ட் 7

வெறும் வயிற்றில் 151. சாயங்காலம் ஐந்து மணிக்கு 388. ஸ்டீராய்டு பகலில்தான் ஆட்டம் போடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. இன்சுலின் ஆரம்பம்.

ஆகஸ்ட் 8, ஆடி வெள்ளி

தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள். ஸ்பீக்கர் எங்கள் வாசலைப் பார்த்து வைத்திருக்கிறான். மெதுவாகப் பேசினால் காதில் ஏறவில்லை, சத்தமாக வந்தாலோ தாங்க முடியவில்லை. இது என்ன நியாயம்? உள்காது கெட்டால் அப்படித்தானாம்.

படுத்தபடி அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். 1991இல் அம்மாவுக்குச் சுகர் என்று தெரிந்தது. காலில் சின்னக் கீறல் விழுந்தால் வீடே கூடும். கண்ணுக்கு மதுரைக்குக் கூட்டிப்போனோம். காதுக்கு? "வயசாச்சுல்ல." யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே "ஆமாமா" என்பாள். சாவுச் செய்திக்கும் "ஆமாமா". அப்போது அவளுக்கு 54. எனக்கு இப்போது 56.

ஆகஸ்ட் 9

இரைச்சல். தூக்கம் இல்லை. பசி மட்டும் அகோரம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடை திறந்தேன். நோட்டரி குமாஸ்தா இடது பக்கம் நின்று பேசியிருக்கிறார். நான் பாட்டுக்கு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒற்றைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. ரோட்டைத் தாண்டும்போது பயமாக இருக்கிறது.

மகள் அனுப்பியதை எழுத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் எடுத்துப் படித்தேன். 2008இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்து ஆட்கள் 5,140 பேரின் காதுச் சோதனையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுகர் இருப்பவர்களுக்குக் காது மந்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுகர் வரும் பார்டரில் இருப்பவர்களுக்கே 30 சதவீதம் அதிகம். வயசைக் கழித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் நிற்கிறதாம். அம்மா போனது 2003இல்.

உள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒரு உறுப்பு. அதற்கு ரத்தம் போக ஒரே வழிதான், அடைத்தால் சுற்றுப்பாதை கிடையாது. அந்த நுண்குழாய்களையும் நரம்பையும்தான் சர்க்கரை வருஷக்கணக்கில் அரிக்கிறது. ஒலியை வாங்குகிற மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தால் திரும்ப முளைக்காது. கண்ணின் விழித்திரையிலும் கிட்னியிலும் நடப்பதும் இதுதான், நுண்குழாய்ச் சேதம். பிறகு ஏன் காதை மட்டும் யாரும் கேட்பதில்லை?

சுகர் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் பார்த்தேன். வருடாந்திரப் பரிசோதனைப் படிவம்: கண், கால், சிறுநீரில் புரதம், ஈசிஜி, பல். கீழே நாலு விரல் இடம் சும்மா கிடக்கிறது. டிடிபி போடுகிறவன் என்பதால் சொல்கிறேன், ஒரு வரி சேர்க்க இரண்டு நிமிஷம் ஆகாது.

ஆகஸ்ட் 13

சாயங்காலச் சுகர் 400ஐத் தாண்டிவிட்டதால் இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டார்கள். மாத்திரையைக் குறைத்து நிறுத்திவிட்டு, செவிப்பறை வழியாக மருந்தை உள்ளேயே ஊசியில் போடுவது என்று முடிவு. சர்க்கரை அவ்வளவாக ஏறாதாம்.

மருந்து உள்ளே போனதும் கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியது. அரை மணி நேரம் இடது காது மேலே இருக்க ஒருக்களித்துப் படுக்கணும். பேசக் கூடாது, எச்சிலை விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். விழுங்காதே என்றால்தான் வாய் நிறைய ஊறுகிறது. டிஷ்யூவில் துப்பித் துப்பி மேல்சட்டையெல்லாம் ஈரம். கசப்பு தொண்டைக்கு வந்தே விட்டது.

சுகரால்தான் போச்சா டாக்டர் என்று கேட்டேன். இடதுக்குச் சொல்ல முடியாது, திடீர்க் கேஸ்களில் பெரும்பாலும் காரணம் பிடிபடுவதில்லை என்றார். வலதுக்கு? "அதுல சுகருக்குப் பங்கு இருக்கும்."

ஆகஸ்ட் 15

மகள் போன். வலது காதில்தான் வைத்தேன். "...ஆப்பிட்டீங்களாப்பா" என்று விழுகிறது. ச, ஸ எல்லாம் உச்சத்தில் ஒலிப்பவை. முதலில் போவது அவைதான்.

ஆகஸ்ட் 18

மறுபடி கண்ணாடி அறை. இடது 55. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரைச்சல் அப்படியே இருக்கிறது. சிவப்பு வட்டங்கள் போன தடவை இருந்த இடத்திலேயே. அவை ஏறாது, இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஹியரிங் எய்டு பற்றி அடுத்த மாதம் பேசலாம்.

ஆகஸ்ட் 19

வெறும் வயிற்றில் 124. நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்ய நாளைக்கு எம்ஆர்ஐ. போன கையோடு செல்விக்கும் காதுச் சோதனைக்கு டோக்கன் போடச் சொன்னேன். அவளுடைய எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சுகர், 6.1. "எனக்கு எதுக்கு? பார்டர்தானே" என்கிறாள்.