பலகைக்குப் பின்னால் இருந்த மீட்டர்

அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் பதினெட்டு வருஷமாக ஷிப்ட் பார்க்கிறேன். புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு முதல் நாளே த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின் கதையைச் சொல்லிவிடுவேன். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியா, விடிகாலை நான்கு மணி. அழுத்தம் தணிக்கத் திறந்த வால்வு மூடவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையிலோ அந்த வால்வின் விளக்கு அணைந்திருந்தது. ‘மூடு’ என்ற கட்டளை போனதை மட்டுமே அது காட்டியது; வால்வு மூடியதை அல்ல. சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள். அந்த வால்வு வழியாக வெளியேறுவது போய்ச் சேரும் வடிகால் தொட்டியின் மீட்டர் துப்புக் கொடுத்திருக்கும்; அதுவோ பலகைக்குப் பின்புறம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அந்த ஆபரேட்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

எங்கள் அறையைப் புதுப்பித்தபோது வரைபடத்தோடு வந்த பொறியாளரிடம் சொன்னேன்: “சார், கட்டளை வேற, வால்வு நிலை வேற. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டுங்க.” அவர் ஒரு முழு இரவு ஷிப்ட் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். காலையில், கொதிகலனுக்குத் தண்ணீர் செலுத்தும் ஃபீட் பம்ப்பின் திரையை இடம் மாற்றி வரைந்தார்.