தொப்பிக்கான வலைத்திரையை வடிவமைத்தல்

1940களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் அணிந்த சிறு தொப்பிகளில், மூக்கு நுனிவரை இறங்கி நிற்கும் வலைத்திரையின் அழகு, வலையைவிட அதை வெட்டிச் சுருக்கும் முறையில்தான் அதிகம் இருக்கிறது.

சாய்சதுரக் கண்கள் கொண்ட நைலான் வலையில், 9 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் உள்ள துண்டை எடுத்து இரண்டாக மடித்து, மேல்விளிம்பின் திறந்த மூலையைச் சாய்வாக வெட்டுகிறேன். முகத்தின்மேல் விழும் கீழ்விளிம்பில் கத்தரி படவே கூடாது. ஆலையிலிருந்து வந்த அந்தக் கரைதான் திரைக்குச் சீரான ஓரத்தைத் தருகிறது. பிறகு மேல்விளிம்பிலும் சாய்வான இரு ஓரங்களிலும் உள்ள கண்களில் ஒன்றைக்கூட விடாமல் இரட்டை நூலைக் கோத்து மெல்ல இழுக்கும்போது, தட்டையாகக் கிடந்த வலை குழிந்து கன்னத்தின் வளைவை ஏற்றுக்கொள்கிறது. எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணம் எனக்குச் சலித்ததில்லை.

உடனே தைத்துவிடாமல், தொப்பியில் ஊசிகளால் பொருத்தி, தலையில் வைத்துக் கண்ணாடி முன் கண்களை இமைத்துப் பார்ப்பது அவசியம். இமைமயிர் உரசினால் நெற்றிப் பக்கம் சுருக்கத்தைக் கூட்டுகிறேன். மடிப்புத் தடங்களை நீராவியைத் தள்ளிப் பிடித்தே நீக்க வேண்டும். சூடான இஸ்திரிப்பெட்டி நேரடியாகப் பட்டால் நைலான் இழைகள் உருகிவிடும்.