40 நிமிடம், ஒரே பாட்டு

இன்சோம்னியம் இசைக்குழுவின் ‘வின்டர்ஸ் கேட்’ ஆல்பம் 2016இல் வந்தது, அதைப் பற்றிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. ஃபின்லாந்துக்காரர்கள், வாசிப்பது மெலடிக் டெத் மெட்டல் (உறுமல் குரலும் இனிய கிடார் மெட்டும் கலந்த கனத்த ராக்), மொத்த ஆல்பமும் 40 நிமிடம் ஓடும் ஒரே பாட்டு. இழுவை என்கிறார்கள் ஒரு சாரார். நடுவில் வேகம் தணிந்து கீபோர்டும் மெல்லிய கிடாரும் வரும் இடங்களில் பொறுமை போய்விடுகிறதாம். எனக்கு அந்த இடங்கள்தான் உயிர். அயர்லாந்துக்கு மேற்கே இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு தீவைத் தேடி, குளிர்காலம் நெருங்கும் நேரத்தில் கிளம்பும் வைக்கிங் (பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகள்) கூட்டத்தின் கதை இது, பாடகர் நீலோ செவானன் எழுதிய சிறுகதையிலிருந்து வந்தது, அதில் கடலின் அமைதி வராமல் எப்படி? அப்புறம் டிரம்ஸ் மறுபடி பாய்ந்து உறுமல் குரல் மேலேறும்போது அடிவயிறு கலங்கிவிடும். சொல் புரியவில்லை என்பவர்கள் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். ஒலிகளைக் கலந்து சமன்செய்த டான் ஸ்வானோவின் மிக்ஸிங் அவ்வளவு தெளிவு, எத்தனை அடுக்கு இருந்தாலும் கிடார் மெலடி எங்கேயும் அமுங்கவில்லை.

இதைவிட அவர்களின் பழைய ஆல்பங்கள் மேல் என்பவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பத்து நிமிடம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், தயவுசெய்து முழுசாகக் கேளுங்கள்.