ஈமுவின் இடுப்பு மூட்டைப் பிரித்துப் பார்த்த அனுபவம்

நாய், ஆடு அறுத்துப் பழகிய கை ஈமுவின் இடுப்புக்கு வந்ததும் தடுமாறும். அந்த விலங்குகளில் ஆழமான கிண்ணத்துக்குள் ஒரு பந்து உட்கார்ந்திருக்கும். பறவையிலோ கிண்ணத்துக்கு அடியே கிடையாது. இடுப்புக்குழி ஒரு எலும்பு வளையம்தான். உள்பக்கம் திறந்திருக்கும் அந்த வளையத்தை மெல்லிய, ஆனால் உறுதியான ஒரு சவ்வு மூடியிருக்கிறது. தொடை எலும்பின் தலை, தண்டிலிருந்து ஏறக்குறைய செங்கோணத்தில் உள்நோக்கித் திரும்பி இந்த வளையத்துக்குள் நுழைகிறது. குழியின் பின்பக்க மேல் விளிம்பில் ஆன்டிட்ரோகேன்டர் என்று ஒரு எலும்பு மேடை உண்டு. தொடை எலும்பின் கழுத்தும், ட்ரோகேன்டர் என்ற அதன் மேல்முனைப் புடைப்பும் அதன்மேல் சாய்ந்து நிற்கும். ஆக ஒரே மூட்டில் எலும்பும் எலும்பும் இரண்டு இடங்களில் உரசுகின்றன. இதை மனதில் ஏற்றிக்கொள்ளாமல் கத்தியை எடுத்தால், எது மூட்டுறை, எது தசைநார் என்று தெரியாமலேயே பாதியை வெட்டி எறிந்துவிடுவோம்.

சொல்லையும் ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வது நல்லது. எலும்பையும் எலும்பையும் கட்டுவது தசைநார். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். அறுவை மேசையில் எல்லோர் வாயிலும் வருவது லிகமென்ட், டெண்டன்தான். இந்த இடுப்பைப் பொறுத்தவரை இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தலைத் தவறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

தமிழ்நாட்டில் ஈமு கிடைப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பெருந்துறையைச் சுற்றி வளர்ந்த ஒப்பந்தப் பண்ணைகள் 2012-ல் சரிந்ததும், தீவனம் இல்லாமல் பறவைகள் தவித்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியும். இறந்த பறவை கைக்கு வந்தால் முதலில் சாவுக்கான காரணத்தைக் கேளுங்கள். பறவைக்காய்ச்சல், கிளிக்காய்ச்சல், சால்மோனெல்லா ஆகியவற்றில் எதன் மீதாவது சந்தேகம் இருந்தால் அந்த உடலைத் தொடவே கூடாது. நல்ல உடலானாலும் இரட்டைக் கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம்.

மூட்டின் அசைவை அளக்க வேண்டுமானால் ஃபார்மலினில் ஊறிய உடல் உதவாது. ஃபார்மலின் புரதங்களைக் குறுக்கே பிணைத்து இறுக்கிவிடுவதால் தசைநார் தோல்வார்போல விறைத்துப்போகும். கிடைக்கும் கோணமெல்லாம் பொய். உறைய வைத்து உருக்கியதுதான் சரி. பிணவிறைப்பு முழுதாகத் தளர்ந்த பிறகு உறைய வையுங்கள். உருக்கும்போது 4 டிகிரி குளிர்ப்பெட்டியில் இடுப்போடு சேர்ந்த காலுக்கு 48 மணி நேரமாவது கொடுங்கள்; கொழுத்த பறவையானால் 72. ஈமுவின் தொடை அவ்வளவு தடிமன். மேலே விரல் அமுங்கும், உள்ளே மூட்டுத் திரவம் பனிக்கட்டியாகவே இருக்கும். அந்த நிலையில் காலைத் திருகினால் மூட்டுறை கிழிந்துவிடும். பிறகு அந்தக் கிழிசலை இயற்கையான இடைவெளி என்று படம் வரைந்து வைப்போம். அவசரத்துக்கு வெந்நீரில் போடுவது இன்னும் கெடுதல். வெளிப்புறம் வெந்து சுருங்கிவிடும்.

இடுப்பை நடுவில் ரம்பத்தால் இரண்டாகப் பிளக்கும் வழக்கத்தை விடுங்கள். முழு இடுப்பு இருந்தால்தான் அதை மேசையில் கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்த முடியும். வயிற்று உறுப்புகளை எடுத்த பிறகு சிறுநீரகங்கள் இடுப்பெலும்பின் பள்ளங்களில் பதிந்து கிடப்பது தெரியும். காலுக்குப் போகும் நரம்புப் பின்னலே சிறுநீரகத் திசுவுக்குள் ஓடுவதால் கத்தி வேண்டாம்; ஈரத் துணியைச் சுற்றிய விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுங்கள். அது போனதும் குழியை மூடிய சவ்வு உள்பக்கமிருந்து கண்ணுக்குத் தெரியும். அதை இப்போது தொடாதீர்கள். கடைசியில் அதுதான் நமக்குக் கதவு.

வெளிப்பக்கம் தோலை உரித்ததும் முதுகிலும் பிட்டத்திலும் கட்டிகட்டியாக மஞ்சள் கொழுப்பு வரும். ஈமு எண்ணெய் எடுப்பது இதிலிருந்துதான். கொழுத்த பறவையில் பல கிலோ வரும், முழுவதையும் எடுத்துவிடுங்கள். கத்தியில் எண்ணெய் படிந்தால் பிடி வழுக்கும், இழைகளின் ஓட்டமும் தெரியாது. அதன் கீழே விரிப்புப்போல இலியோடிபியாலிஸ் லேட்டராலிஸ் என்ற தசை. அதை மேல் விளிம்பில் அறுத்துக் கீழே மடக்கினால் இலியோஃபிபுலாரிஸ் வரும். நெருப்புக்கோழி இறைச்சி வியாபாரத்தில் ஃபேன் ஃபில்லட் என்று விற்கப்படும் பெரிய தசை இதுதான். இதைத் தூக்கியதும் அடியில் சையாட்டிக் நரம்பும், காலுக்கு முக்கிய ரத்தம் கொண்டுபோகும் இஸ்கியாடிக் தமனியும் குழிக்குச் சற்றுப் பின்னால் வெளிவருவதைப் பார்க்கலாம். இரண்டையும் நூல் கட்டி ஒதுக்கி வையுங்கள். மூட்டின் பின்விளிம்பு எங்கே என்பதற்கு நரம்பு ஒரு நிரந்தர அடையாளம்.

இந்த ஆழத்தில் தசைகளுக்கு நடுவே காற்றுக்குமிழ்போன்ற மெல்லிய பைகள் தென்பட்டால் உடல் அழுகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நுரையீரலோடு இணைந்த வயிற்றுக் காற்றறையின் கிளைகள் இடுப்பு மூட்டைச் சுற்றிப் படர்ந்திருப்பது பறவைகளில் உண்டு. நெருப்புக்கோழியில் அவை தொடை எலும்புக்குள்ளேயே புகுந்துவிடும். நாற்றமும் நிறமாற்றமும் இல்லாத, வழவழப்பான சுவருள்ள பை என்றால் அது காற்றறை.

இனி சிக்கலான இடம். இடுப்பின் முன்பகுதியிலிருந்து விசிறிபோல வந்து குவியும் பெரிய தசை இலியோட்ரோகேன்டெரிகஸ் காடாலிஸ். இதன் தசைநாண் அகலமாக, பளபளவென்று, மூட்டின் மேலாகவே ஓடி ட்ரோகேன்டரின் வெளிமுகத்தில் பதிகிறது. பார்க்கும் எவரும் இதைத்தான், மூட்டின் முன்பக்கத்தைக் கட்டும் இலியோஃபெமொரல் தசைநார் என்று சொல்வார்கள். பின்பக்கமும் இதே குழப்பம். ஆப்டுரேட்டோரியஸ் மீடியாலிஸ் தசையின் நாண் இடுப்பின் உட்புறமிருந்து இடுப்பெலும்பின் ஆப்டுரேட்டர் துளை வழியாக வெளியே வந்து ட்ரோகேன்டருக்குப் போகிறது. இஸ்கியோஃபெமொராலிஸ் தசையின் நாணும் பக்கத்திலேயே போகிறது. இரண்டும் மூட்டுறையோடு ஒட்டிக்கொண்டு, பின்பக்க நாரான இஸ்கியோஃபெமொரல் தசைநாரை மறைத்துவிடும்.

பிரித்தறிய ஒரே வழிதான் உண்டு. தசையின் வயிற்றுப்பகுதியை ஃபோர்செப்ஸால் பிடித்து மெதுவாக இழுங்கள். பளபளக்கும் பட்டை கூடவே நகர்ந்தால் அது நாண். நகராமல், இரண்டு முனையும் எலும்பு விளிம்பில் ஊன்றியிருந்தால் அது நார். உறுதியான பிறகு நாணை ட்ரோகேன்டரிலிருந்து 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். மிச்சமிருக்கும் முளையை 15-ஆம் எண் சிறிய பிளேடால், எலும்புக்கு இணையாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போங்கள். 22-ஆம் எண் பெரிய பிளேடோடு இந்த இடத்துக்கு வராதீர்கள். ஒரே வீச்சில் மூட்டுறைக்குள் போய்விடும். மூட்டுத் திரவம் கசிந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

மூட்டுறை வெளிப்பட்டதும் 0.9 சதவீத உப்புக்கரைசலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெளித்துக்கொண்டே இருங்கள். காய்ந்தால் உறை முழுவதும் ஒரே பழுப்பாகிக் கொம்புபோல இறுகிவிடும். எந்த எல்லையும் தெரியாது. தனித்தனிக் கயிறாகத் தசைநார்களை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பறவை இடுப்பில் வெளிப்பக்க நார்கள் மூன்றும் உறையின் தடித்த பகுதிகள்தாம். ஓய்வு நிலையில் எல்லாம் ஒரே வெள்ளைத் தோலாகத் தெரியும். கத்தியால் தேடுவதில் பயனில்லை, இழுவைதான் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

தொடை எலும்பின் நடுத்தண்டில் குறுக்காக 3 மி.மீ. ஸ்டீல் பின் ஒன்றைச் செலுத்துங்கள். எலும்புச் சுவர் எதிர்பார்ப்பதைவிட மெல்லியது. டிரில்லை மெதுவாக ஓட்டாவிட்டால் விரிசல் விழும். இந்தப் பின் கைப்பிடியும் ஆகும், சுழற்சியை அளக்கும் முள்ளும் ஆகும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு காலை வெளிப்பக்கமாக விரியுங்கள். மூட்டின் அடிப்பக்கம் ஒரு பட்டை சட்டென்று விறைத்து, இழைகள் வரிவரியாக எழும். அது பியூபோஃபெமொரல். குழியின் முன்–கீழ் விளிம்பிலிருந்து தொடை எலும்பின் அடிப்பக்கத்துக்குப் போவது. கால் பக்கவாட்டில் அகலாமல் பிடித்து வைக்கும் முக்கியமான கட்டு இதுதான். காலைப் பின்னால் தள்ளினால் முன்–வெளிப்பக்கம் விறைப்பது இலியோஃபெமொரல். தொடையை முன்னால் மடக்கி உள்நோக்கிச் சுழற்றினால் ஆன்டிட்ரோகேன்டர் பக்கத்திலிருந்து ட்ரோகேன்டரை நோக்கி எழுவது இஸ்கியோஃபெமொரல். ஒவ்வொன்றும் விறைத்து நிற்கும் அந்தக் கணத்தில், இரு ஓரத்திலும் வண்ண நூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். தளர்த்திய பிறகு எல்லை மறுபடி மறைந்துவிடும், நூல் மட்டும் நிற்கும்.

கோணம் அளக்கும்போது தொடக்க நிலையைச் செங்குத்தாக வைக்காதீர்கள். நிற்கும் பறவையின் தொடை எலும்பு முன்னோக்கிச் சாய்ந்து கிடைமட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கனமான வால் இல்லாத உடலின் எடை இடுப்புக்கு முன்னால் விழுவதால் முழங்கால் அங்கே வந்து தாங்குகிறது. நாயின் தொடையைப்போல நிமிர்த்திவிட்டு அதைச் சுழியம் என்று குறித்தால் முன்பக்க இலியோஃபெமொரல் நார் அப்போதே விறைத்திருக்கும். பின்னால் வரும் எண்கள் அத்தனையும் பிழை.

வெட்டும் வரிசையும் கவனிக்க வேண்டியது. ஒரு நாரை வெட்டி, அளந்து, அடுத்ததை வெட்டுவோம். ஆனால் எல்லாப் பறவையிலும் ஒரே வரிசையில் வெட்டினால் கடைசியில் மிஞ்சும் நார்தான் முக்கியமானது என்ற தோற்றம் வரும். மற்றவை சுமந்த சுமையும் அதன்மேல் விழுவதால் அப்படி. இடது காலில் ஒரு வரிசை, வலது காலில் நேர்மாறான வரிசை என்று வைத்துக்கொண்டால் இந்த மயக்கம் குறையும். ஒவ்வொரு நிலையையும் மூன்று முறை, ஒரே ஆள் கையால் அளப்பது நல்லது. கை மாறினால் அழுத்தம் மாறும்.

உள்ளே நுழைவது கடைசிக் கட்டம். உளியை விட்டு நெம்பித் தலையை வெளியே எடுக்கும் ஆசை வரும். அப்படிச் செய்தால் தொடைத்தலை தசைநார் தன் பள்ளத்திலிருந்து குருத்தெலும்போடு பிய்ந்து வந்துவிடும். வயிற்றுப்பக்கம் வந்து, காத்து வைத்திருந்த சவ்வில் நகக்கண் அளவு ஒரு வெட்டுப் போடுங்கள். வெட்டை வளையத்தின் மேல் விளிம்போரமாக நீட்டிப் பாருங்கள். குட்டையான, தடித்த, முத்துநிற நார் ஒன்று தொடைத்தலையின் சிறு பள்ளத்திலிருந்து புறப்பட்டுச் சவ்விலும் குழியின் கீழ்விளிம்பிலும் இறங்கியிருக்கும். காலை ஒருவர் மெதுவாகச் சுழற்ற, அந்த நார் முறுக்கேறி அவிழ்வதை இந்தச் சின்னச் சன்னல் வழியாகப் பார்க்கலாம். பறவை இடுப்பில் இதைவிட அழகான காட்சி இல்லை.

எலும்புக்கூட்டை மட்டும் வைத்து இந்த மூட்டு எவ்வளவு அசையும் என்று கணக்குப் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2018-ல் ஆய்வாளர்கள் ஆர்மிதா மனாஃப்சாதேயும் கெவின் பேடியனும் காடையின் இடுப்பை எக்ஸ்ரே வீடியோவில் அசைத்துப் பார்த்து, எலும்பு மட்டும் அனுமதிப்பதாகத் தோன்றும் நிலைகளில் ஏறக்குறைய 95 சதவீதம் தசைநார்களால் இயலாமல் போகின்றன என்று காட்டினார்கள். காடைக்கும் ஈமுவுக்கும் அளவில் வெகுதூரம். ஆனாலும் நாரை அறுத்த மறுகணம் கால் எங்கெங்கோ வளைவதைக் கையால் உணர்ந்தவர்களுக்கு அந்த எண் மிகையாகப் படாது.

குஞ்சுகளையும் இளம் பறவைகளையும் முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். தொடைத்தலை முழுக்கக் குருத்தெலும்புத் தொப்பியாக இருக்கும். சற்று இழுத்தாலே கழன்றுவிடும், நார் எங்கே பதிந்தது என்பதும் அதோடு போய்விடும். நெருப்புக்கோழி கிடைத்தால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடல் என்பதால் தூக்க நான்கு பேராவது வேண்டும். இடுப்பின் கீழ்ப்பக்கம் அமைந்த அதன் பியூபிஸ் எலும்புகள் இரண்டும் அடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். வேறெந்தப் பறவையிலும் இந்த இணைப்பு இல்லை. அதனால் ஈமுவில் செய்வதுபோல இடுப்பைக் கீழ்ப்பக்கமிருந்து விரித்து உள்ளே பார்க்க முடியாது. இணைப்பை ரம்பத்தால் அறுத்தாக வேண்டும்.

அளவெல்லாம் முடிந்த மூட்டை 10 சதவீத ஃபார்மலினில், திசுவின் கன அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவத்தில், ஒரு வாரம் வைத்துவிட்டு, ஓடும் நீரில் ஒரு நாள் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். மாற்றும் முன்பு ஒவ்வொரு வண்ண நூலும் எந்த நாருடையது என்று பென்சிலில் எழுதிய அட்டையைக் கூடவே போட்டுவிடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் ஒரே இரவில் கரைந்துபோகும்.