அரிப்பு நின்ற பிறகும் களிம்பை நிறுத்தாதீர்கள்

படர்தாமரைக்குக் களிம்பு பூசத் தொடங்கிய சில நாளிலேயே அரிப்பு அடங்கிவிடும். பலர் அன்றே டியூபை மூடிவிடுகிறார்கள். தோலின் மேலடுக்கில் பூஞ்சை உயிரோடு இருப்பதால், அதே இடத்தில் வட்டம் மறுபடி கிளம்பும்.

க்ளோட்ரிமசோல் 1%, மைக்கோனசோல் 2% களிம்புகளில் ஏதாவது ஒன்றைத் தினம் இரு வேளை, 2 முதல் 4 வாரம் வரை பூச வேண்டும். பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதை இவை தடுக்கின்றன. பெரும்பாலும் வளர்ச்சிதான் நிற்கும். பூஞ்சை தோலோடு சேர்ந்து உரிந்து உதிர நாளாகும். டெர்பினாஃபின் 1% களிம்பு எர்கோஸ்டெரால் உருவாகும் அதே பாதையில் இன்னும் முந்தைய படியை அடைக்கிறது. அங்கே தேங்கும் ஸ்குவாலீன் என்ற கொழுப்புப் பொருள் பூஞ்சையைக் கொன்றுவிடுவதால் பல நேரம் 1 முதல் 2 வாரத்திலேயே பலன் தெரியும். இதற்கு அடங்காத பூஞ்சை வகைகளும் இப்போது பரவி வருகின்றன. எதைப் பூசினாலும், தோல் தெளிந்த பிறகு இன்னும் ஒரு வாரமாவது தொடருங்கள்.

கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே பூசுங்கள். கால்விரல் இடுக்கில் இது மிக முக்கியம். பூஞ்சை சுறுசுறுப்பாக இருப்பது வட்டத்தின் ஓரத்தில். ஆகவே ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். தொடை இடுக்கில் அப்பி வைத்தால் தோல் ஊறிப் புண்ணாகும்.

பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் கலந்த கூட்டுக் களிம்புகளைத் தாமாக வாங்கிப் பூசவே கூடாது. இந்த ஸ்டீராய்டுகள் சிவப்பையும் அரிப்பையும் சீக்கிரமே அமுக்கிவிடும். தோலின் எதிர்ப்பு தளர்ந்துபோக, பூஞ்சை உள்ளே பரவும். வட்டத்தின் அடையாளமே கலைந்து மருத்துவரும் குழம்ப நேரிடும். தொடை இடுக்குத் தோல் மெலிந்து விழும் வரிகள் பிறகு மறைவதே இல்லை.

நிஸ்டாட்டின் களிம்பு கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு உதவும், படர்தாமரைக்கு உதவாது. தேமலுக்கு கீட்டோகோனசோல் 2% நல்லது; பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், அதற்காகத் தொடர்ந்து பூச வேண்டியதில்லை. தலைமுடிப் பகுதியில் வந்தால் களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். நகத்திலும் பெரும்பாலும் அப்படியே.

காலில் சேற்றுப்புண் இருந்தால் உள்ளாடைக்கு முன்பே காலுறையை மாட்டுங்கள்; பாதத்துப் பூஞ்சை இடுப்புக்கு ஏறுவது அப்படித்தான் குறையும். 4 வாரமாகியும் அடங்கவில்லை என்றால் மருத்துவர் தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லலாம். எந்தக் களிம்பை எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். களிம்பு பூசிய தோலில் பூஞ்சை இருந்தும் பரிசோதனையில் தென்படாமல் போகலாம்.